ஏழு மதில்களுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம்! ஸ்ரீரங்கத்தில் ஒரு மகளின் காலை நடை

காலை 5.10 மணி. ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டுக் கதவு சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. வெளியே வருபவருக்கு வயது 47. பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு சின்ன மணிபர்ஸ், செல்போன். வாசல் விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறார். 6.40-க்குள் திரும்பிவிட வேண்டும். 7 மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை. அது தவறினால் உடம்பு இறுகிப்போய், அன்றைய நாள் முழுக்க அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதே பெரும்பாடாகிவிடும்.

எதிர் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அதற்குள் உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி ஒன்றரை மணி நேரம் அப்பா அவர் பொறுப்பு.

இந்த ஒன்றரை மணி நேரம் சும்மா கிடைத்ததில்லை. அழுது, சண்டை போட்டு, மருத்துவரிடம் போய், மாத்திரை சாப்பிட்டு வாங்கியது.

திண்ணையும் முதியவர்களும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். ரங்கநாதர் கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள், 21 கோபுரங்கள். 156 ஏக்கர் பரப்பளவு. மற்ற ஊர்களில் ஊருக்குள் கோயில் இருக்கும். இங்கே கோயிலுக்குள் ஊர் இருக்கிறது. உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் தெரு என்று வெளிச்சுற்றுகளில் வீடுகள், காய்கறிக் கடைகள், மருந்துக் கடைகள், மெஸ்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆட்டோக்கள்... எல்லாமே மதில்களுக்குள்தான்.

விடியற்காலையில் இந்தத் தெருக்களில் நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வாசலில் கோலம் போடுபவர், பால் பாக்கெட்டுக்காக நிற்பவர், திண்ணையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பவர் என எதிர்ப்படுபவர்களில் நிறைய பேர் வயதானவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ, பெங்களூரிலோ, கடல் தாண்டியோ இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை வீடியோ கால். சில வீடுகளில் மட்டும் ஒரு பிள்ளை கூடவே இருக்கும். அந்த ஒரு பிள்ளையின் தலையில் எல்லாமே இருக்கும்.

இந்த மகளும் அப்படித்தான். கணவர் துபாயில் வேலை செய்கிறார். மகள் கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிறாள். அண்ணன் சென்னையில். அம்மா 2019-ல் இறந்துவிட்டார். அப்பாவுக்கு வயது 79. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து 2006-ல் ஓய்வு பெற்றவர்.

"பாய்லர் குழாய்க்கு வெல்டிங் பண்றவங்களுக்குக் கை நடுங்கவே கூடாது. மூச்சக்கூட நிதானமா விடணும்பார் அப்பா. அந்தக் கைதான் முதல்ல நடுங்க ஆரம்பிச்சுது" என்கிறார் மகள்.

பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதால் வருவது. நடுக்கம் என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனால், நடுக்கத்தைவிட அதிகம் படுத்துவது உடல் இறுக்கமும், அசைவுகள் மெதுவாவதும்தான். சட்டைப் பட்டன் போட கால் மணி நேரம் ஆகும். குரல் சன்னமாகிவிடும். முகத்தில் சிரிப்போ கோபமோ தெரியாது. நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று, கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். குறிப்பாக, கதவு நிலைப்படி வந்தால்.

2021-ல் குளியலறையில் அப்பா விழுந்தார். இடுப்பில் அடி. அந்த மாதமே மகள், திருச்சியில் பார்த்துவந்த அக்கவுன்ட்ஸ் வேலையை விட்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போகலாம் என்று நினைத்திருந்தார். நான்கு வருடங்கள் ஆகிவிட்டன.

எட்டு மாசமா கோபுரத்தைப் பார்க்கலை

தெருவில் நடந்து ராஜகோபுரத்தின் கீழே வருகிறார். 236 அடி உயரம், 13 நிலைகள். பல நூற்றாண்டுகளாக அடிப்பகுதியோடு நின்றுபோய், 'மொட்டை கோபுரம்' என்று ஊரார் சொல்லிவந்தது இதைத்தான். எட்டு ஆண்டுகள் வேலை நடந்து, 1987 மார்ச் மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. அப்போது இவருக்கு ஒன்பது வயது. வார விடுமுறையில் அப்பா சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து அழைத்து வருவார். சாரத்தில் ஆட்கள் ஏறுவதை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

"அந்தக் கோபுரம் வீட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷம். ஆனா, போன வருஷம் ஒரு நாள் யோசிச்சுப் பார்த்தேன்... நான் அதைப் பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. மளிகை வீட்டுக்கே வந்துடும். மருந்தும் வந்துடும். துணியக்கூட மாடிக்குப் போகாம கொல்லையிலயே காயப்போட்டுக்கிட்டிருந்தேன்" என்கிறார்.

முதலில் போனது தூக்கம். அப்பா இரவில் மூன்று முறை எழுந்திருப்பார். அவர் எழாத இரவுகளிலும் இவருக்கு விழிப்பு வந்தது. பிறகு பசி போனது. அப்பாவுக்கு இட்லியை மசித்து ஊட்டிவிட்டு, தான் சாப்பிட மறந்துவிடுவார். டி.வி சீரியல், வாட்ஸ்அப் குரூப், தோழிகளின் போன் எதிலும் மனம் ஒட்டவில்லை. மகள் போன் செய்தால், "நல்லாயிருக்கேன்டி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். காலையில் கண் விழித்ததும், 'ஐயோ, விடிஞ்சிடுச்சா' என்பதுதான் முதல் நினைப்பு.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. "சோம்பேறித்தனம்னு நினைச்சேன். பெத்த அப்பாவைப் பார்த்துக்கிறதுக்கு இவ்வளவு சலிச்சுக்கிறோமேன்னு என் மேலயே வெறுப்பா இருக்கும்."

அந்த ராத்திரி

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு நாள், இரவு இரண்டு மணி. கழிவறைக்குப் போக எழுந்த அப்பா, அறையின் நிலைப்படியில் உறைந்து நின்றுவிட்டார். "காலை எடுத்து வைப்பா" என்றார் மகள். நகரவில்லை. பத்து முறை சொல்லியிருப்பார். இழுத்துப் பார்த்தார். அப்பா கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார். வேட்டி நனைந்தது.

மகள் அந்தக் கையில் ஓங்கி அடித்தார். இரண்டு அடி.

அப்பா கத்தவில்லை. சன்னமான குரலில், "நான் வேணும்னு பண்ணலை பாப்பா" என்றார்.

அவரைச் சுத்தம் செய்து, படுக்கவைத்துவிட்டு, சமையலறைத் தரையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார் மகள். காலையில் எதிர் வீட்டு டீச்சரிடம் போய், "நான் அப்பாவை அடிச்சுட்டேன் டீச்சர்" என்றார். வேறு யாரிடமும் அதைச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

டீச்சர் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "நீ கடைசியா எப்ப முழுசா தூங்குன?" என்று கேட்டார். பதில் வராததால், இரண்டு நாள் கழித்து, தன் மருமகளை அப்பாவோடு உட்காரவைத்துவிட்டு, திருச்சியில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப்போனார்.

ஓ.பி சீட்டு போட்டு வரிசையில் நின்றபோது, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டதைச் சொல்லி, இப்போது சிரிக்கிறார். மருத்துவர் முதலில் தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகளை எழுதித் தந்தார். இந்த இரண்டாலும் இதே மாதிரி சோர்வு வரலாம் என்பதால் அவற்றைப் பார்த்துவிடுவது வழக்கம். பிறகு நிதானமாகக் கேள்விகள். இரண்டு வாரங்களுக்கும் மேலாக, பெரும்பாலான நேரம் மனம் வாடிக் கிடக்கிறதா, பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டதா, தூக்கம், பசி, கவனம் எப்படி, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?

மனச்சோர்வு நோய் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதினார். உடனே வேலை செய்யாது, முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். கடைசியாக, "தினமும் ஒரு மணி நேரமாவது வீட்டை விட்டு வெளியே நடங்க. இதையும் மாத்திரை மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார்.

"மாத்திரையைக்கூட ஒத்துக்கிட்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் எங்க போறதுன்னு தெரியலை!"

தங்கக் குடமும் யானையும்

ராஜகோபுரத்தைத் தாண்டித் தெற்கே சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் அம்மா மண்டபம். காவிரியின் படித்துறை. பூக்கடைகள் அப்போதுதான் திறக்கின்றன. துளசி மாலையும் தாமரையும் தண்ணீர் தெளித்து அடுக்கப்படுகின்றன. தர்ப்பணம் செய்ய வந்தவர்கள் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. தூரத்தில் மலைக்கோட்டை விளக்குகள்.

முதல்முறை அவர் இங்கே வந்தது ஐப்பசி மாதத்தில். அந்த மாதம் முழுக்க, பெருமாளின் திருமஞ்சனத்துக்கு இந்தப் படித்துறையிலிருந்துதான் தங்கக் குடத்தில் காவிரி நீர் போகும். யானையின் மேல் குடம், முன்னால் நாகஸ்வரம். சின்ன வயதில் அம்மாவோடு பார்த்தது. அன்றைக்கு யானை தன்னைக் கடந்து போனபோது, மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"பெரிசா சந்தோஷம் எதுவும் வரலை. ஆனா, யானை காதை ஆட்டுறதை நின்னு பார்த்தேன். ரொம்ப நாள் கழிச்சு ஒரு விஷயத்தை நின்னு பார்த்தது அன்னைக்குத்தான்" என்கிறார்.

இப்போது ஆடி மாதம். மேட்டூரில் திறந்த தண்ணீர் படிகளைத் தொட்டு ஓடுகிறது. காற்று பலமாக வீசுகிறது. ஆடி 28 அன்று நம்பெருமாள் இங்கே எழுந்தருளி காவிரிக்குச் சீர் கொடுப்பார். அன்றைக்குக் கால்வைக்க இடம் இருக்காது. இன்று கூட்டம் இல்லை. மேல் படியில் உட்கார்ந்து இருபது நிமிடங்கள் தண்ணீரைப் பார்க்கிறார். ஜபம் எதுவும் இல்லை. போனை எடுப்பதும் இல்லை.

அவர் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் வந்து உட்காருகிறார்கள். தினமும் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். ஒருவர் 64 வயது ஆண். 90 வயது அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். இன்னொருவர், பக்கவாதம் வந்த மாமியாரைக் கவனிக்கும் மருமகள். பேச்சு என்னவோ எந்த டயபர் கசியாது, படுக்கைப்புண்ணுக்கு எந்த மெத்தை, புதிதாக வந்த அட்டெண்டர் நம்பலாமா என்பதுதான். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. "நேத்து நானும் கத்திட்டேங்க" என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

நிலைப்படி பிரச்னைக்கு வழி கிடைத்ததும் இங்கேதான். "தரையில கலர் டேப் ஒட்டிப் பாருங்க. என் மாமாவுக்கு பிசியோதெரபி பண்றவங்க சொன்னாங்க" என்றார் அந்த மருமகள். பார்க்கின்சன் நோயாளிகள் உறைந்து நிற்கும்போது, தாண்டிச் செல்வதற்குக் கண்ணுக்கு ஒரு கோடு தெரிந்தால் பலருக்குக் கால் நகர்ந்துவிடும். அன்றைக்கே நீல நிற டேப் வாங்கி, அறை வாசலில் குறுக்கே ஒட்டினார் மகள். நடையைத் திருத்தும் இந்த எளிய முறை, அடித்த அந்த ராத்திரிக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ற வருத்தம் இன்னும் அவருக்கு இருக்கிறது.

அண்ணன் வந்த பத்து நாள்

நடை தொடங்கிய இரண்டாவது மாதம், சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தார். உறவினர் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்பாவைப் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சுட்டு நீ காலையில ஊர் சுத்தப் போறியாமே?"

முன்பாக இருந்தால் அழுதிருப்பார். நடையை நிறுத்தியும் இருப்பார். அன்று, "ஆமாண்ணே, போறேன். நீ ஒரு பத்து நாள் வந்து இரு. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் வந்தார். முதல் இரண்டு நாள் அப்பாவுக்குப் பழம் நறுக்கிக்கொடுத்து, பேப்பர் படித்துக்காட்டி, நன்றாகத்தான் போனது. மூன்றாவது இரவு மூன்று முறை எழுந்தார். ஐந்தாவது நாள், அப்பா துப்பிய மாத்திரையைத் தரையில் தேடிக்கொண்டிருந்தவர், வாசலுக்கு வந்து வெகுநேரம் நின்றார். ஊருக்குக் கிளம்பும்போது மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "மதியத்துக்கு ஒரு ஆள் போட்டுடலாம். சம்பளம் நான் அனுப்பிடுறேன்" என்றார். இப்போது மதியம் 1 மணியிலிருந்து 5 மணிவரை ஓர் உதவியாளர் வருகிறார். அந்த நேரத்தில் மகள் தூங்குகிறார். வாரத்தில் இரண்டு நாள், ஒரு கடைக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறார்.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. தை மாதத்தில் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்தினார். மாசியில் பழையபடி தூக்கம் கெட்டு, ஒரு வாரம் வெளியே வரவில்லை. படித்துறை நண்பர் வீட்டு வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். மறுபடி மருத்துவரைப் பார்த்து, மாத்திரையைத் தொடர்ந்தார். அப்பாவின் நோயும் நிற்கவில்லை. இந்த வருடம் விழுங்குவது சிரமமாகியிருக்கிறது. சில மாலைகளில், இல்லாத ஆட்கள் அறையில் இருப்பதாகச் சொல்கிறார்.

"அப்பாவுக்கு இனிமே நல்லாகாதுன்னு தெரியும். ஆனா, அவர் இருக்கிறவரைக்கும் அவருக்குக் கோபப்படாத ஒரு மகள் வேணும். அதுக்கு நான் நடக்கணும்" என்கிறார்.

கோயிலுக்குள் ஒரு வைத்தியர்

திரும்பும் வழியில், நேரம் இருந்தால் கோயிலுக்குள் போவார். பெருமாளைச் சேவிக்க வரிசை நீளமாக இருந்தால், தன்வந்திரி சந்நிதிக்கு மட்டும் போய்விட்டு வருவார். தேவ வைத்தியருக்குத் தனிச் சந்நிதி இருக்கும் கோயில் இது. இந்தக் கோயிலில் ஒரு காலத்தில் ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை நடந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. "சாமியே வைத்தியர் வெச்சிருக்கார். நாம வைத்தியர்கிட்ட போறதுக்கு என்ன வெட்கம்?" என்று எதிர் வீட்டு டீச்சர் அடிக்கடி சொல்வாராம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவையும் வீல்சேரில் அழைத்து வருகிறார். போன மாதம் ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தியபோது, கழுத்தை மெல்ல நிமிர்த்தி மேலே பார்த்த அப்பா, "சாரம் பிரிச்சுட்டாங்களா பாப்பா?" என்று கேட்டார். மறதியா, விளையாட்டா என்று மகளுக்குப் புரியவில்லை. "பிரிச்சுட்டாங்கப்பா. நல்லா வந்திருக்கு" என்றார்.

இன்று கோயிலுக்குப் போக நேரம் இல்லை. ராஜகோபுரத்தின் கீழே மணி பார்க்கிறார். 6.33. தெருவில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொள்கிறார்.

6.41-க்குக் கதவைத் திறக்கிறார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்குச் சமத்தா இருந்தார்" என்கிறார். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைக் கை கொடுத்து எழுப்புகிறார் மகள். இருவரும் மெதுவாக நடந்து அறை வாசலுக்கு வருகிறார்கள். அப்பா நிற்கிறார். குனிந்து நீலக் கோட்டைப் பார்க்கிறார். மகள் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வலது கால் கோட்டைத் தாண்டுகிறது. அடுத்து இடது கால்.

"மாத்திரை நேரமாச்சுப்பா" என்கிறார் மகள்.

உதவி எங்கே கிடைக்கும்?

* வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டு வாரங்களுக்கும் மேலாகத் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஆர்வமின்மை, காரணமில்லாத அழுகை, கட்டுப்படுத்த முடியாத கோபம், கடுமையான குற்ற உணர்வு இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

* மத்திய அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். உயிர் வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள், அல்லது கூட இருப்பவரிடம் சொல்லுங்கள்.

* முதியோர் தொடர்பான உதவிகளுக்கு 14567.

* படுக்கையில் இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி நிவாரணச் சிகிச்சை தருகிறார்கள். அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

* உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், "எப்படி இருக்கீங்க?" என்பதோடு நிறுத்தாமல், "நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

எப்படிப் போகலாம்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அடிக்கடி டவுன் பஸ்கள் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையிலிருந்து வருபவர்கள் ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். அம்மா மண்டபம் படித்துறையை அமைதியாகப் பார்க்க விடியற்காலையே நல்லது. அமாவாசை, ஆடிப்பெருக்கு நாள்களில் கூட்டம் அதிகம். ஆற்றில் தண்ணீர் அதிகமாக ஓடும் நாள்களில் மேல் படிகளோடு நின்றுகொள்ளுங்கள்.